ஒரே பொட்டல், பல வயது: கால்பந்துப் பயிற்சியை வயதறிந்து திட்டமிடுவது

மாலை நாலே முக்கால். காரைக்குடிக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டிய செம்மண் பொட்டல். 20 சிறுவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவன் ஐந்து கோன்களுக்கு இடையே பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோய், கோலை நோக்கி அடித்துவிட்டு, பந்தை எடுத்துவந்து அடுத்தவனிடம் கொடுக்கிறான். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்கிறான். எட்டாவதாக நிற்கும் பையனைப் பாருங்கள். ஷூ நுனியால் மண்ணில் ஒரு வட்டம் போடுகிறான், அழிக்கிறான், மறுபடியும் போடுகிறான். அவனுக்கு எட்டு வயது. கால்பந்து ஆட வந்தவன்.

ஒருவனுக்கு 20 விநாடி என்று வைத்துக்கொண்டால், தன் முறை மறுபடியும் வருவதற்கு அவன் ஏறத்தாழ ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை பந்து கிடைக்கும். அதாவது, பந்து அவன் காலில் இருப்பது மூன்று நிமிடம். அவன் நிற்பது 57 நிமிடம். பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு மணிக்கே வந்து பொட்டலில் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளையெல்லாம் பொறுக்கியவர் அவர்தான். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் வரிசை கட்டி நடத்தினேன். வரிசை பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், வேடிக்கை பார்க்கும் பெற்றோருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அதில் பிள்ளை கற்பது காத்திருப்பதை மட்டும்தான்.

இப்போது ஒரு நாள் பயிற்சியை எழுதி வைக்க நோட்டைத் திறந்ததும் நான் போடும் முதல் கணக்கு இது: இன்று ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பந்தைத் தொடும்? எத்தனை முறை, யாரும் சொல்லாமல், தானாக ஒரு முடிவை எடுக்கும்? இந்த இரண்டு கேள்வியும் எல்லா வயதுக்கும் பொது. எந்த முடிவை எந்த வயதில் கேட்கலாம் என்பதில்தான் வயது குறுக்கே வருகிறது. பெரியவர்களின் பயிற்சியை நேரத்தில் பாதியாக வெட்டிச் சின்னவர்களுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவரின் சட்டையை வெட்டிப் போட்டாலும் தோள் பொருந்தாது.

ஆறு முதல் ஒன்பது வயது வரை பிள்ளைக்கு இருப்பது பந்தும் தானும் மட்டுமே. பக்கத்தில் நிற்பவனுக்குப் பாஸ் கொடு என்றால், தன் மிட்டாயைப் பிடுங்கிக் கொடுக்கச் சொன்னதுபோல் விழிக்கும். எல்லோரும் பந்தைச் சுற்றி ஈயாக மொய்ப்பார்கள். கரையில் நின்று "பரவி நில்லு, பரவி நில்லு" என்று கத்துவதில் பயன் எதுவும் இல்லை; அந்த வயதின் இயல்பே அதுதான். மொய்ப்பதைக் குறைக்க ஆட்களைக் குறைக்க வேண்டும். பக்கத்துக்கு மூவர் ஆடினால் மொய்க்கவும் ஆள் இருக்காது, ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்காது. ஜெர்மனி 2024-25 பருவத்திலிருந்து தன் சின்னஞ்சிறு ஆட்டக்காரர்களுக்கு இத்தகைய சிற்றணி ஆட்டங்களையே கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு சிறிய கோல்கள் வைத்து மூவருக்கு மூவர் ஆடும் முறை அதில் முக்கியமானது. இங்கிலாந்தில் பக்கத்துக்கு 5, 7, 9, 11 பேர் என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில்தான் முழு மைதான ஆட்டத்துக்கு வருகிறார்கள். நம்மூரிலோ மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை 11 பேராக நிறுத்தி, 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட பெரிய கோலுக்குள் ஒரு பொடியனைக் காவலுக்கு வைக்கிறோம். அவன் கையைத் தூக்கிக் குதித்தாலும் குறுக்குக் கம்பி எட்டாது.

பந்தும் அப்படித்தான். பள்ளி ஸ்டோர் ரூமில் இருப்பது பெரும்பாலும் 5-ஆம் எண் பந்து. 410 முதல் 450 கிராம் எடை. எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண், 12 வயது வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5 என்பதே வழக்கமான கணக்கு. சிறிய பந்து வாங்க வழியில்லையென்றால், இருப்பதில் கொஞ்சம் காற்றை இறக்கிக் கொடுங்கள். துள்ளல் அடங்கும், கால் விரலும் வலிக்காது. பந்து கனமாக இருந்தால் பிள்ளை நுனிக்காலால் குத்தத் தொடங்கும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இந்த வயதுக்கு நான் கண்ட மிகச் சிறந்த பயிற்சி எந்தக் கையேட்டிலிருந்தும் வரவில்லை. நம் தெருக்களில் ஆடிய கிளித்தட்டுதான் அது. சுண்ணாம்புத் தூளாலோ, குதிகாலால் இழுத்தோ நான்கு குறுக்குக் கோடுகள் போடுங்கள். கோட்டுக்குக் கோடு ஆறேழு அடி வைக்கும் தூரம் இருக்கட்டும். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பிள்ளை காவல். கோட்டை விட்டு முன்னே பின்னே வரக்கூடாது, பக்கவாட்டில் மட்டும் ஓடலாம். மற்றவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பந்து. பந்தோடு நான்கு கோட்டையும் கடந்து திரும்பி வர வேண்டும். யாருடைய பந்து தட்டிவிடப்பட்டதோ அவன் அந்தக் கோட்டுக்குக் காவல். காவலில் இருந்தவன் பந்தை எடுத்துக்கொள்வான்.

பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தால் தெரியும். முதல் சுற்றில் எல்லோரும் தலையைக் குனிந்து பாய்வார்கள். பாதிப் பேர் முதல் கோட்டிலேயே பந்தை இழப்பார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு பெண் பிள்ளை கோட்டுக்கு இரண்டடி முன்னால் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிற்கும். காவல்காரன் வலப்பக்கம் சாயும் வரை நிற்கும். சாய்ந்த நொடியில் இடப்பக்கம் நழுவிவிடும். தலை நிமிர்வது, பொறுப்பது, ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் போவது ஆகிய மூன்றையும் யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த சுற்றில் அதைப் பார்த்த இன்னும் இருவர் அப்படியே செய்வார்கள். இதைக் கோன் வைத்துக் கற்பிக்கவே முடியாது, ஏனென்றால் கோன் சாயாது.

சின்னவர்களுக்கு மொத்தம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். பேச்சு ஒரு தடவைக்கு அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் ரவுண்டு வேண்டவே வேண்டாம்; அந்த ஓட்டமெல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பத்து முதல் பன்னிரண்டு வயதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சொன்னது காதில் விழும், உடம்பும் சொன்னபடி கேட்கும், வெட்கமோ வீம்போ இன்னும் வந்திருக்காது. இரண்டு காலாலும் பந்தைத் தொடுவது, வரும் பந்தை முதல் தொடுதலிலேயே தனக்குத் தோதான பக்கம் திருப்புவது, இவையெல்லாம் படிவது இந்தப் பருவத்தில்தான். பள்ளி மதில் சுவர் இதற்கு நல்ல ஆசான்: வலக்காலால் சுவரில் அடி, திரும்பி வருவதை இடக்காலால் நிறுத்து. (செட்டிநாட்டு வீடுகளின் நீண்ட பக்கச் சுவர்கள் தெருவுக்குத் தெரு கண்ணை இழுக்கும் என்பது தெரியும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு நூறாண்டுக்கு மேல் நிற்கிறது. அதில் மட்டும் பந்தை அடிக்க விடாதீர்கள்.)

நம் மண்ணைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சரளை கலந்த செம்மண் தரையில் பந்து நேராக உருண்டு வராது. ஒரு கல்லில் பட்டு எம்பும், கணுக்காலுக்கு வர வேண்டியது முழங்காலுக்கு வரும். புல்தரைப் பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, பந்தை நிறுத்தத் தெரியவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. உள்ளங்காலால் அமுக்கி நிறுத்துவதை முதலில் கற்றுக்கொடுத்தால் இந்தத் தரையிலும் பந்து கட்டுக்குள் வரும். சறுக்கிப் பந்தைப் பறிப்பதை இந்தத் தரையில் அறவே தவிர்க்க வேண்டும். தொடைத்தோல் உரிந்தால் ஆற இரண்டு வாரம் ஆகும்.

இந்த வயதினருக்கு ஒரு மாலைக்கு ஒரே ஒரு விஷயம். உதாரணமாக, பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது என்று எடுத்துக்கொள்வோம். வந்ததும் பத்து நிமிடம் இருவர் மூவராகச் சிறிய ஆட்டம், வருபவர் வரவர அதில் சேர்ந்துகொள்வார்கள். அடுத்து 15 நிமிடம்: நடுவில் நிற்பவன், பின்னால் இருக்கும் நண்பன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் பந்தை வாங்க வேண்டும். அதன் பிறகு 20 நிமிடம் நால்வருக்கு நால்வர். ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு சின்னக் கோல். ஒரு கோலை அடைத்து நின்றால் மறு கோல் திறந்திருக்கும். திரும்பிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். கடைசி 20 நிமிடம் கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஆட்டம். அதில் பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. மாலையில் சொல்லிக்கொடுத்தது ஒட்டியதா என்று நமக்குக் காட்டுவதே அந்த 20 நிமிடம்தான். நாம் கத்திக்கொண்டே இருந்தால் நம் குரல்தான் தெரியும், பிள்ளையின் ஆட்டம் தெரியாது.

தலையால் முட்டுவதை இந்த வயதில் பயிற்சியில் வைக்காதீர்கள். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-ல் 10 வயது வரையுள்ளோருக்கு அதை விலக்கியது. 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அது கிடையாது. பிள்ளைகளின் கழுத்துத் தசை இன்னும் வலுப்பெறாத பருவம் அது.

பதின்மூன்றில் எல்லாம் தலைகீழாகும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன பையன் ஜூனில் திரும்பி வரும்போது கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும். மார்ச்சில் பந்தைப் பூப்போல வாங்கியவன், இப்போது தன் காலையே தடுக்கி விழுகிறான். அவனுக்கு அக்கறை போய்விட்டது, கைப்பேசியில் கெட்டுவிட்டான் என்று பெரியவர்கள் பேசுவார்கள். உண்மை வேறு. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் பையன்களுக்கு 14 வயதிலும் உயரம் வேகமாக ஏறும். உச்சக் கட்டத்தில் பையன்கள் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. வளர்வதுண்டு. எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் தசைநாணும் பிந்தி வரும். மூளை தெரிந்துவைத்திருந்த காலின் நீளம் பழையது, இப்போது தரையில் ஊன்றும் கால் புதியது. தடுமாற்றம் சில மாதங்களில் தானாகவே சரியாகும். அதுவரை அவனுக்கு வேண்டியது ஒருகாலில் நிற்பது, திரும்புவது, தாவி மெதுவாக இறங்குவது போன்ற எளிய சமநிலைப் பயிற்சியும், ஒரு நல்ல வார்த்தையும்.

இந்தப் பருவத்தில் குதிகால் வலியும் முழங்காலுக்குக் கீழே முண்டாகப் புடைத்து வரும் வலியும் மிகவும் சாதாரணம். எலும்பின் வளரும் பகுதியைத் தசைநாண் இழுப்பதால் வருவது. கெட்டித் தரையில் கட்டைத்தனமான ஷூவோடு ஓடினால் இன்னும் கூடும். வலிக்கிறது என்பவனை, நடிக்கிறான் என்று சொல்லி ஓடவைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. தாவலையும் வேக ஓட்டத்தையும் குறைத்து, பாஸ் பயிற்சியில் நிறுத்துங்கள். வலி விடாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சுவரோடு நிறுத்திப் பென்சிலால் உயரத்தைக் குறித்து வைப்பது நல்ல வழக்கம். யாருக்குக் கோடு வேகமாக ஏறுகிறதோ, அவனுக்கு அந்த மாதம் சுமையைக் குறைக்கலாம்.

அணித் தேர்வில் இன்னோர் அநீதி நடக்கிறது. வயதுப் பிரிவுக்கு ஜனவரி முதல் தேதியைக் கணக்காக வைக்கும் போட்டியில், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. நடுவே பதினோரு மாத வளர்ச்சி இருக்கிறது. மூத்தவன் உயரமாக, வேகமாக இருப்பான். அவனைத் திறமைசாலி என்று எடுப்போம். சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டில் ஆட்டத்தையே விட்டுவிடுவான். கால்பந்து ஆடும் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்ட உண்மை இது. ஆகவே பயிற்சி ஆட்டத்தில் சில நாள் வயதை விட்டுவிட்டு உயரத்துக்கு உயரம் பார்த்து அணி பிரியுங்கள். வேகத்தால் மட்டுமே ஜெயித்தவன் அன்று யோசிக்க வேண்டியிருக்கும். குட்டையாக இருந்து யோசித்தே பிழைத்தவன் அன்று மின்னுவான்.

14 வயதிலிருந்து உடலைச் சூடேற்றும் பகுதிக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும். ஃபிஃபா 11 பிளஸ் என்ற திட்டத்தில் 15 பயிற்சிகள். மொத்தம் 20 நிமிடம், பந்தைத் தவிரச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவின்படி, இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பருவமடைந்த பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிட அதிகம். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அதைக் குறைக்கும். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2018-19-ல் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டம் வென்றது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நடந்திருக்கும்போது, எங்கள் பக்கம் எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் பொட்டலுக்கு வருவது நின்றுபோவது எனக்குத் தாங்காது. அதில் திட்டமிடலுக்கும் பங்கு உண்டு. பயிற்சி ஆறரைக்கு முடிந்தால் கடைசி டவுன் பஸ்ஸைப் பற்றி அம்மா கவலைப்படுவார்; ஐந்தே முக்காலுக்கு முடிந்தால் அனுப்புவார். நேரத்தை முதலில் பஸ்ஸைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

பதினாறுக்கு மேல் ஆட்ட உத்தி முழுமையாகப் புரியும். எங்கே நின்று நெருக்குவது, பந்தை இழந்த மறுநொடி யார் ஓடுவது என்று பேசலாம், பலகையில் வரையலாம். 90 நிமிடப் பயிற்சி தாங்கும். வாரக் கணக்கு இங்கேதான் முக்கியம்: ஞாயிறு ஆட்டம் என்றால் புதன் கடினம், வெள்ளி இலகு. நம் ஆண்டுக் கணக்கும் சேரும். மார்ச்சில் பொதுத்தேர்வு. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போய் வந்தவன் கால் கொப்புளத்தோடு நிற்பான். அந்த வாரம் அவனுக்கு வேக ஓட்டம் கிடையாது. மாசிச் சிவராத்திரிக்குப் பாதி அணி குலதெய்வக் கோயிலில் இருக்கும். இவற்றைத் தடங்கலாக நினைக்காமல், ஓய்வு வாரமாக முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதிக்கொள்ளலாம்.

முப்பத்தைந்து கடந்தவர்களும் வருகிறார்கள். கடை வைத்திருப்பவர்கள், விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தேவை நீண்ட சூடேற்றமும் சிறிய மைதானமும். வந்ததும் முழுவேக ஓட்டம் ஓடினால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை, ஆடினால் போதும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வயதினரெல்லாம் நம்மூரில் தனித்தனியாக வருவதில்லை. ஒரே பொட்டல், ஒரே பயிற்சியாளர், எட்டுப் பந்து. உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிற ஊர் காரைக்குடி. அறிவுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கும் பந்துக்கும்தான் பஞ்சம். நான் செய்வது இது: சின்னவர்களை நாலரைக்கு வரச்சொல்கிறேன், இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளை ஐந்துக்கு, பெரியவர்களை ஐந்தரைக்கு. சின்னவர்களின் கடைசிக் கால் மணியில் இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் இருவர் கிளித்தட்டில் காவல் நிற்பார்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தாங்கள் செய்வது ஏன் என்று அவர்களுக்கே விளங்குகிறது. எல்லோரும் சேர்ந்து ஆடும் நாளில் விதி ஆளுக்கு ஆள் வேறு: பதினேழு வயதுக்காரன் இரண்டே தொடுதலில் பந்தை விட வேண்டும், பத்து வயதுக்காரனுக்கு எல்லை கிடையாது. அவனிடமிருந்து பந்தைப் பறிக்கும்போது உடம்பால் இடிக்கக் கூடாது.

வெயிலும் திட்டத்தில் ஒரு வரி. சித்திரை வைகாசியில் இங்கே 40 டிகிரியை நெருங்கும். பிள்ளைகளின் உடல் எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு. எனவே காற்றின் சூட்டைப் பெரியவரைவிடச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். காலை ஆறு முதல் ஏழரை வரை, இல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் பிறகு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தாகம் என்று கேட்காவிட்டாலும். உப்புப் போட்ட நீராகாரமும் நீர்மோரும் வீட்டிலேயே இருக்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் பொட்டலின் பாதி தண்ணீருக்குள் போகும். அந்த மாதங்களில் பள்ளியின் சிமெண்ட் தளத்தில் ஐவர் ஆட்டம்தான்.

கடந்த பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு 18 பேர் என்று நோட்டில் எழுதிப் போயிருந்தேன். முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், ஊரே அங்கே இருந்தது. வந்தது ஏழு பேர், எட்டு வயதிலிருந்து பதினாறு வரை. எழுதியதை அப்படியே மூடினேன். மூவருக்கு மூவர் ஆட, மிஞ்சிய எட்டு வயதுப் பையனுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை: பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு அவன். அவன் தொட்ட பிறகு விழும் கோலுக்கு இரண்டு புள்ளி. முதல் ஐந்து நிமிடம் அவனை யாரும் தேடவில்லை. பிறகு பெரியவர்கள் தலையை நிமிர்த்தி அவனைத் தேட ஆரம்பித்தார்கள். அவனும் தேடுபவரின் கண்ணில் படும்படி ஓடத் தொடங்கினான். ஆறே காலுக்குப் பொழுது சாயும் வேளையில், இன்னும் ஒரு கோல் என்று கேட்டுக்கொண்டே, பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தவன் அவன்தான்.